பெயர் எழுதாத மாத்திரை

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கு இரத்தப்போக்கு. மருத்துவர் பலரிடம் போய்க் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் நோய் கூடியதே தவிரக் குறையவில்லை. கூட்டத்துக்குள் மறைந்து வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறார். இந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் நாம் அவருடைய விசுவாசத்தை நினைக்கிறோம். அவர் ஏன் மறைந்து வந்தார் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. தன் உடலில் நடப்பதை வெளியே சொல்ல அவருக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

நமது கோவை மறைமாவட்டத்தின் திருப்பூர்ப் பகுதியில் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்யும் பெண்கள் பலருடைய நிலையும் இதுவே. 2019 ஜூன் மாதம் தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம் தமிழகத்தின் ஆடைத்தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலையிடத்திலேயே மாத்திரை கொடுத்தார்கள் என்று அத்தனை பேரும் கூறினர். அந்த மாத்திரையில் பெயர் இல்லை, தேதி இல்லை. கொடுத்தவர் பெரும்பாலும் மருத்துவரோ செவிலியரோ அல்லர். அதனால் உடல்நலம் கெட்டது என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக்கூடக் கணக்குப் பார்க்கும் இடத்தில், வலியோடு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு மெஷினுக்குத் திரும்புவது எளிதாக இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவை கருத்தடை மாத்திரைகள் அல்ல. சாதாரண வலிநிவாரணி வகையைச் சேர்ந்தவை என்றே மருத்துவர்கள் கருதினார்கள். ஆனால் விழுங்கிய பெண்களுக்கு அது தெரியாது. தெரியாத காரணத்தால்தான், ஆலையில் கொடுத்த மாத்திரையால் பிள்ளை தங்கவில்லை என்ற பயம் கல்யாணத்துக்குப் பின்னும் அவர்களைத் தொடர்கிறது.

இந்தப் பெண்கள்தான் நாளை பிரசவ வார்டில் வந்து படுப்பவர்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கப்போகிறவர், செவிலியர் படிப்பு படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் அவருடைய பெற்றோருக்கும் ஒரு சங்கடம் உண்டு. மகப்பேறு செவிலியர் பாடத்தில் காப்பர் டி, ஊசி, மாத்திரை, ஆணுறை, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் எல்லாம் வருகின்றன. திருச்சபை செயற்கைக் கருத்தடையை ஏற்பதில்லை. அப்படியிருக்க இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்?

படிக்க வேண்டும் என்பதே நம் பதில். அதுவும் நன்றாகப் படிக்க வேண்டும். ஒரு பெண்ணின் உடலில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பற்றி அவருக்கு உண்மை சொல்லத் தெரியாத செவிலியர் அவருக்கு உதவ முடியாது. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற ஊசி கொடுக்கப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. அதைப் போட்டபின் மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். ஊசியை நிறுத்தினாலும் மறுபடி கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மாதவிடாய் வராத அந்தப் பெண் கர்ப்பம் என்றோ நோய் என்றோ பயந்து மருந்துக் கடைக்கு ஓடுவார். அரசு தரும் மாலா-என் போன்ற கலவை மாத்திரை, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றதல்ல. இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் ஆகாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த 'சாயா' மாத்திரையில் அந்த ஹார்மோன்கள் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இந்தக் கணக்குத் தவறினால் பயன் இல்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கக்கூடியது இவற்றில் ஆணுறை ஒன்றே. இவை உண்மைகள். இவற்றைச் சொல்வது ஒரு முறையைப் பரிந்துரைப்பதாகாது. தன் மனசாட்சி ஏற்காத செயலில் கைவைக்க முடியாது என்று பணிவோடு சொல்ல ஒரு செவிலியருக்கு உரிமை உண்டு. தகவலை மறைக்க உரிமை இல்லை.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 அன்று 'மனித உயிர்' என்று நாம் அழைக்கும் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலை வெளியிட்டார். அதன் 17ஆம் பத்தியை நம்மில் பலர் வாசித்திருக்க மாட்டோம். அரசுகள் இம்முறைகளைத் தம் மக்கள்மீது திணிக்கும் நிலை வரலாம் என்ற அச்சம் அதில் இருக்கிறது. எட்டே ஆண்டுகளில், நெருக்கடி நிலைக் காலத்தில், நம் நாட்டில் அது நடந்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு ஆண்கள் விலகிக்கொண்டார்கள், சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கியது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் 2014 நவம்பரில் நடந்த அறுவை முகாம்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பங்குகளிலும் அறுவை செய்துகொண்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

சரி, திருச்சபை ஏற்கும் இயற்கை வழியை நாம் கற்றுக்கொடுத்தோமா? அதையும் கேட்டுக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் ஜான், எவ்லின் பில்லிங்ஸ் தம்பதியர் பெயரால் அறியப்படும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் சோதித்து 1981இல் முடிவுகளை வெளியிட்டது. அந்த ஐந்து இடங்களில் ஒன்று பெங்களூர். கற்றுக்கொண்ட பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் முதல் மாதச் சுழற்சியிலேயே தம் உடலின் அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள். விதிகளைச் சரியாகக் கடைப்பிடித்தால் ஓராண்டில் 100 பேரில் சுமார் 3 பேரே கருத்தரித்தார்கள். நடைமுறையில் 20 பேருக்கும் மேல். இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் சொல்வது நேர்மையாகாது. கணவர் ஒத்துழைக்காத வீட்டில் இந்த முறை நிற்காது. குடித்துவிட்டு வரும் கணவரிடம் காலண்டரைக் காட்ட முடியாது.

இதில் செவிலியர் மாணவிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கருத்தரிக்கும் நாட்களில் வரும் நீர், முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுவழுப்பாக, இழுத்தால் நீளும். நம் ஊர்ப் பெண்கள் இதையும் 'வெள்ளைப்படுது' என்றே சொல்கிறார்கள். உடம்பு உருகிப் போகிறது என்று நாட்டு மருந்து தேடுகிறார்கள். அரிப்பு, கெட்ட வாடை, தயிர்த் திப்பி போன்ற தோற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம் இருந்தால் அது நோய்த்தொற்று, சிகிச்சை வேண்டும். இவை இல்லாவிட்டால் அது ஆரோக்கியத்தின் அடையாளம். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு மாதச் சுழற்சி பிசகக்கூடும். 26 முதல் 32 நாட்களுக்குள் சுழற்சி அமையாதவருக்கு, 8 முதல் 19 வரையான நாட்களை எண்ணித் தவிர்க்கும் எளிய முறை பொருந்தாது. ஆகவே முறையைச் சொல்வதற்கு முன் ஷிப்டைக் கேட்க வேண்டும்.

தாய்ப்பால் வழியும் அப்படியே. பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. பிள்ளைக்கு இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நூற்றுக்கு 98 பேருக்கு இது பாதுகாப்பு என்று 1988இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய வல்லுநர்கள் கூறினர். செலவில்லாதது, மனசாட்சிக்கும் இடைஞ்சல் இல்லாதது. ஆனால் திருப்பூரில் அது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? 2017இல் சட்டம் திருத்தப்பட்டு மகப்பேறு விடுப்பு 26 வாரம் ஆனது. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம், நான்கு மாதம் சொச்சம். பீஸ் ரேட்டில் பவர் டேபிள் யூனிட்டில் தைக்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லாமல் இருக்கலாம். மூன்றாம் மாதமே பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்கு எழுந்திருக்கும் தாய்க்கு இரண்டாவது நிபந்தனை அன்றைக்கே போய்விட்டது. 'பால்தானே கொடுக்கிறேன்' என்ற நம்பிக்கையில் அவர் இருப்பார். அடுத்த கர்ப்பம் அப்படித்தான் வருகிறது. பலவேளை அது கலைப்பில் போய் முடிகிறது. உயிரைக் காப்பது பற்றிப் பேசும் நாம், ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் சட்டம் கேட்கும் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா என்று நம் பங்கைச் சேர்ந்த முதலாளிகளிடம் கேட்டதுண்டா?

இன்று திருப்பூரின் மெஷின்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பெண்களும் இருக்கிறார்கள். வார்டில் அவர்களுக்கு மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் கணவர், அல்லது ஆள் கூட்டிவந்த ஏஜெண்ட். அந்த ஆண்கள் முன்னால் எந்தப் பெண்ணும் மாதவிடாயைப் பற்றிப் பேசமாட்டார். அதே விடுதியில் தமிழ் பழகிய பெண் ஒருவரை அழைத்துவரச் சொல்லலாம். 'மாசிக்' என்றால் மாதவிடாய்; இந்தியிலும் ஒடியாவிலும் ஏறத்தாழ ஒரே சொல்தான், மாதத்தை 'மாசம்' என்னும் நமக்கு எளிதில் மனதில் நிற்கும். இதுபோல ஐந்தாறு சொற்களை மாணவிகள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஆண்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.