கடலை முதலில் ஊற வேண்டும்

இரவே தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலையையும், காலையில் டப்பாவிலிருந்து அப்படியே எடுத்த கடலையையும் ஒரே குக்கரில் வைத்துப் பாருங்கள். நாலு விசிலில் ஊறியது பூப்போல மசியும். மற்றது பல்லில் கடிபடும். இரண்டும் ஒரே மூட்டைக் கடலைதான்.

கல்லூரி முதலாண்டில் நடப்பதும் இதுவே. படித்த பெற்றோர், கோச்சிங், பழகிய ஆங்கிலம் என்று சில பிள்ளைகள் வருடக்கணக்கில் ஊறி வருகிறார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் கிடைப்பதில்லை. பிறகு அரியர் விழுந்ததும் ஸ்பெஷல் கிளாஸ் வைத்துத் தீயைக் கூட்டுகிறோம். நுழைவுத் தேர்வு இன்னும் மோசம்: ஊறாத கடலையை நசுக்கிப் பார்த்து, வேகாது என்று ஒதுக்கிவிடுகிறது.

முதலில் தேர்வு, பிறகு பாடம் என்ற இந்த வரிசையைச் சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு மாற்றியது. டேட்டா சயின்ஸ் படிப்பு அது, ஜேஇஇ தேவையில்லை. விண்ணப்பித்தவருக்கு முதலில் 4 வாரம் பாடம்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை. தேர்வு அதற்குப் பிறகுதான், அதுவும் அந்த நான்கு வாரப் பாடத்திலிருந்து. தேர்ச்சி மதிப்பெண் எடுத்த எல்லோருக்கும் இடம் உண்டு. ரேங்க் போட்டு யாரையும் கழிப்பதில்லை.

ஊறுவது எப்படி? பாடம் வீடியோவாக இருப்பதால், புரியாத இடத்தைப் பத்து முறை ஓடவிட்டாலும் வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கூச்சத்தால் கை தூக்காத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் வீடியோ மட்டும் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்றே நாள் போய்விடும். அதனால் வாராவாரம் கெடு வைத்த பயிற்சித்தாள் உண்டு. ஊறிவிட்டதா என்று ஒரு கடலையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்க்கிறோமே, அந்த வேலையை அது செய்கிறது. அதில் போதிய மதிப்பெண் வந்தால்தான் தேர்வு எழுத முடியும். தேர்வு நேரில், மையத்தில். தவறியவர் மறுபடி விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பின் சமூகப் பிரிவும் குடும்ப வருமானமும் பார்த்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை தருகிறார்கள்.

குறையும் உண்டு. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும் என்றால் வாரக் கெடு கழுத்தைப் பிடிக்கும். பாடம் ஆங்கிலத்தில், தமிழ்வழியில் படித்தவருக்கு நான்கு வாரம் போதாது. பழைய கடலைக்குக் கூடுதல் நேரம் விடுகிற மாதிரி இவர்களுக்கும் நேரம் விட வேண்டும்.

அந்த நேரம் தமிழ்நாட்டில் இருக்கவே இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. பொறியியல் கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்க ஆகஸ்டோ செப்டம்பரோ ஆகிவிடுகிறது. இடையில் கிடக்கும் மாதங்களில், அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களை மாலையில் திறந்து வைத்து, தமிழில் விளக்கி ஆங்கிலச் சொற்களுக்குப் பழக்கும் இணைய வகுப்பு ஒன்றை நடத்தலாம். பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க, அதே பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன அண்ணன் அக்காக்களை அழைக்கலாம்.