நீலப் பொத்தானும் ஸ்ரீரங்கத்துப் பையனும்

சேரன்மகாதேவிச் சுட்டிகளே! தேர்தல் வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான். உங்கள் வகுப்பறைதான் அன்றைக்கு வாக்குச்சாவடி. பள்ளிக்கூடம் லீவு!

போன தேர்தலில் ஒரு சுட்டிப்பெண் விளையாடப் போகாமல் அம்மாவோடு வரிசையில் நின்றிருக்கிறாள். உள்ளேயிருந்து 'பீப்' என்று நீளமாகச் சத்தம் வந்திருக்கிறது. அடுத்த நாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சார், அந்தப் பெட்டியை யாரு செஞ்சா? அது எதுக்கு சார் கத்துது?"

சபாஷ்! சத்தத்தை எல்லோரும்தான் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டது அவள் ஒருத்திதான். நீயும் வா. அதைச் செய்தவர்களில் ஒருவரை முதலில் பார்த்துவிடுவோம். அப்புறம் பெட்டிக்குள் போவோம்.

அவர் பெயர் ரங்கராஜன். 1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகும் வேலை. அதனால் பையன் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தான். அங்கேயே பள்ளிக்கூடம். பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல். அதன் பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். இந்த இரண்டு இடத்திலும் படித்த இன்னொருவரை உனக்கு நன்றாகத் தெரியும். நம் அப்துல் கலாம்தான்!

படித்து முடித்த ரங்கராஜனுக்கு விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை கிடைத்தது. வானத்தில் விமானங்கள் ஒன்றோடொன்று மோதிவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரே பாதையில் இரண்டு விமானங்கள் வந்தால், ஒன்றை 1,000 அடி மேலே பறக்கச் சொல்ல வேண்டும். நிம்மதியான அரசு வேலைதான். ஆனாலும் அதை விட்டுவிட்டு, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குப் போனார். ரேடார் முதலான மின்னணுக் கருவிகளைச் செய்கிற இடம் அது. கருவியைப் பயன்படுத்துகிறவராக இருந்தவர், கருவியைச் செய்கிறவராக மாறினார். துணிச்சலான முடிவு என்றுதான் சொல்வேன்.

அங்கே அவர் மேற்பார்வையில் உருவானதுதான் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். ஹைதராபாத்தில் இன்னொரு அரசு நிறுவனமும் இதே இயந்திரத்தைச் செய்தது.

அதற்கு முன்னால் எப்படி வாக்களித்தார்கள்? உன் தாத்தாவைக் கேள். காகிதச் சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, பெட்டிக்குள் போட்டதைச் சொல்வார். முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டால் அது செல்லாத ஓட்டு. பெட்டிகளைக் கொட்டி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து எண்ண வேண்டும். இரவு பகல் பாராமல் எண்ணுவார்கள். 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அத்தனை பெயரும் ஒரு சீட்டில் அடங்குமா? வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று!

சரி, இப்போது பெட்டிக்குள் போகலாம். உண்மையில் அவை இரண்டு பெட்டிகள். ஒன்று அலுவலரின் மேசையில் இருக்கும். இன்னொன்று அட்டை மறைப்புக்குப் பின்னால் இருக்கும். இரண்டையும் 5 மீட்டர் கேபிள் இணைக்கிறது. மறைப்புக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் 16 பெயர்கள் வரை அடங்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னம், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு நீலப் பொத்தான்.

கன்னடியன் கால்வாயில் மடை திறப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? மடையைத் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். அடைத்துவிட்டால் சொட்டு நீர்கூடப் போகாது. இங்கேயும் அப்படித்தான். அலுவலர் தன் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் மடை திறக்கும். உன் அம்மா நீலப் பொத்தானை அழுத்துவார். சிவப்பு விளக்கு எரியும். 'பீப்' என்று சத்தம் வரும். உடனே மடை அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு பத்து முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அலுவலர் அடுத்தவருக்காகத் திறந்தால்தான் உண்டு.

புரிகிறதா? அந்தச் சத்தம் எதற்கென்று இப்போது நீயே சொல்லிவிடுவாய். வாக்கு பதிவாகிவிட்டது என்று உள்ளே இருப்பவருக்கும் தெரிய வேண்டும், வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் காலத்தில் சில ஊர்களில் முரடர்கள் சாவடிக்குள் புகுந்து, கத்தை கத்தையாகச் சீட்டுகளைக் குத்திப் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். இயந்திரத்தில் அது நடக்காது. முதலில் வந்த இயந்திரங்கள் நிமிடத்துக்கு 5 வாக்குகளுக்கு மேல் ஏற்காது. முரடன் எவ்வளவு அவசரப்பட்டாலும் பெட்டி அவசரப்படாது. அதற்குள் போலீஸ் வந்துவிடும்! வாக்குப்பதிவு முடிந்ததும் அலுவலர் வேறொரு பொத்தானை அழுத்திவிடுவார். அதோடு சரி, மேற்கொண்டு ஒரு வாக்குகூட விழாது. மின் இணைப்பே இல்லாத மலைக்கிராமத்திலும் இது பேட்டரியில் ஓடும். பேட்டரியைக் கழற்றினாலும் எண்ணிக்கை அழியாது.

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக இயந்திர வாக்குப்பதிவு நடந்தது. அந்தத் தேர்தல் செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லையே என்று 1984-ல் தீர்ப்பு வந்தது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001-ல் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. 2004-ல் நாட்டின் 543 மக்களவைத் தொகுதிகளிலும் வந்துவிட்டது. யாருக்கு வாக்களித்தோம் என்று 7 விநாடி காட்டுகிற காகிதச் சீட்டு அதற்கு அப்புறம் சேர்ந்தது.

இவ்வளவு வேலைக்கு நடுவில் ரங்கராஜன் கதையும் எழுதினார். குமுதம் பத்திரிகையில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்று ஒருவர் இருந்ததால், தன் மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். சுஜாதா! உன் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார், முகம் மலரும். 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்று ஒரு ரோபோ நாய்க்குட்டி வரும். 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கும் அவர் பதில் எழுதினார். 1993-ல் பணி ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்த பிறகு முழுநேரமும் எழுத்துதான், சினிமாதான். 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். அவர் பங்களித்த 'எந்திரன்' 2010-ல்தான் திரைக்கு வந்தது.

என்ஜினீயர் வேலை வேறு, எழுத்து வேலை வேறு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சின்னத்தைப் பார்த்து ஒரே அழுத்தில் வாக்களிக்கிறார். சிலிக்கன் சில்லு எப்படி வேலை செய்கிறது என்று சுஜாதா எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிறது. கஷ்டமானதை உள்ளே வைத்துக்கொண்டு எளிமையானதை மட்டும் நம் கையில் கொடுக்கிற மனசு இரண்டிலும் இருக்கிறது.

இப்போது உனக்கு ஒரு கேள்வி. கண் தெரியாத ஒருவர் மறைப்புக்குப் பின்னால் தனியாக நிற்கிறார். சின்னம் அவருக்குத் தெரியாது. எந்தப் பொத்தான் யாருடையது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இயந்திரத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. பெரியவர்களிடம் கேட்பதற்கு முன்னால் நீயே யோசித்து, படம் வரைந்து எனக்கு அனுப்பு.