வனத்துறையார் வீட்டுக்குள் வரலாமா?

கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார், திரும்பி வருகையில் தேக்கோடும் கண்ணாடிச் சாமான்களோடும் தந்தத்தில் கடைந்த சிறு பொம்மைகளையும், அந்நாளில் அந்தஸ்தின் அடையாளமாகக் கருதப்பட்ட மான்கொம்புகளையும் கொண்டுவந்து வீட்டில் வைத்தார்கள் என்பதும், அவற்றில் எஞ்சியவை காரைக்குடியைச் சுற்றியுள்ள சில பெரிய வீடுகளின் பெட்டகங்களில் இன்னும் கிடக்கின்றன என்பதும் செட்டிநாட்டார் அறிந்த விஷயமே. வீட்டுக்கு உரியவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, சாவி காவற்காரர் கையில் இருக்க, ஒரு நாள் காலையில் வனச்சரகர் ஒருவர் இரண்டு வனக்காப்பாளர்களோடு முகப்பில் வந்து நின்று, "வீட்டைச் சோதனை போட வேண்டும், கதவைத் திற" என்றால், "மாஜிஸ்ட்ரேட் வாரண்ட் எங்கே ஐயா?" என்று அந்தக் காவற்காரர் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் வாரண்ட் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை அடைத்துக்கொள்ளச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் 50-ஆவது பிரிவில், பிற சட்டங்கள் எப்படிக் கூறியிருந்தபோதிலும் என்ற பீடிகையோடு தொடங்கி, இச்சட்டத்துக்கு விரோதமாக ஒருவர் குற்றம் செய்திருக்கிறார் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்குமானால், அதிகாரி அவருடைய வண்டியை வழிமறிக்கலாம், அவர் அனுபோகத்திலுள்ள வீட்டிலும் நிலத்திலும் படகிலும் புகுந்து தேடலாம், அவர் மூட்டை முடிச்சுகளைப் பிரித்துப் பார்க்கலாம், கிடைத்ததைக் கைப்பற்றலாம், விசாரணைக்கு அவர் வந்து நிற்பார் என்ற திருப்தி ஏற்படாவிட்டால் வாரண்ட் இன்றியே கைதும் செய்யலாம் என்று விதிக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. காவல் துறையில் உதவி ஆய்வாளருக்குக் குறைந்த பதவியில் இருப்பவருக்கு இந்த அதிகாரம் கிடையாது. வனத்துறையிலோ, "எந்த வன அலுவலரும்" என்று சட்டம் பொதுப்படச் சொல்லிவிட்டபடியால், காட்டோரத்தில் சைக்கிளில் ரோந்து போகும் காப்பாளருக்கும் அது உண்டு. 2022-இல் வந்த திருத்தம் சுங்கத் துறை, கடலோரக் காவல் படை ஆகியவற்றின் அதிகாரிகளையும் இந்த வரிசையில் சேர்த்தது.

இப்பக்கத்தில் இந்த அதிகாரம் பெரும்பாலும் பிரயோகமாவது தந்தத்தின் பொருட்டன்று, முயலின் பொருட்டே. மதுரை, சிவகங்கை மாவட்டத்து ஊர்கள் சிலவற்றில் மாசிச் சிவராத்திரியை ஒட்டி நாய்களோடும் கம்புகளோடும் வேட்டைக்குப் போவது பழைய வழக்கம். போகிறவர்களுக்கு அது சாமி காரியம், சட்டத்துக்கு அது குற்றம். முயல் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது; அதை வேட்டையாடினால் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். திருப்பத்தூர்ச் சாலையில் விடியற்காலையில் இரு சக்கர வண்டி ஒன்று மறிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்கில் முயல், பெட்டியில் நெற்றி விளக்கு, பின்னிருக்கையில் சுருக்குக் கம்பி. முயலும் கம்பியும் மட்டுமல்ல, வண்டியும் போகும். போன வண்டி வழக்கு முடியும்வரை வனத்துறை வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்தே தீர வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு, அது சரியன்று. மத்தியப் பிரதேச அரசுக்கும் மதுகர் ராவ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய மாத்திரத்தில் வாகனம் அரசுடைமை ஆகிவிடாது என்றும், குற்றத்துக்கு அது உபயோகமானது என்று நிரூபணமாகும்வரை மாஜிஸ்ட்ரேட் அதனை இடைக்காலமாகத் திருப்பித் தரலாம் என்றும் தீர்ப்பளித்தது.

இதே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகே, 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடியில், வலசை வரும் பறவைகள் வெருண்டு போகுமே என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் கொள்ளுகுடிப்பட்டி மக்களையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அங்கே கண்மாய்க்குக் காவல் ஊரே. சோதனை அதிகாரம் தேவைப்படுவது அப்படிப்பட்ட ஊர்க்கட்டு இல்லாத இடங்களில்தான்.

தந்தத்துக்கு வருவோம். 1986-இலும் 1991-இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் நம் நாட்டு யானைத் தந்தத்தின் வியாபாரத்தையும், பின்னர் இறக்குமதித் தந்தத்தின் வியாபாரத்தையும் அடியோடு நிறுத்தின. சைபீரியப் பனியில் புதைந்து கிடந்த மாமத யானையின் தந்தம் இதில் அடங்காது என்று சில வியாபாரிகள் வாதாடிப் பார்த்தார்கள். 2003-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் செவிசாய்க்கவில்லை. விற்காமல் வீட்டில் வைத்திருப்பதற்கு வேறு கிரமம். அட்டவணைப் பிராணிகளின் பொருள்களைச் சுவாதீனத்தில் வைத்திருந்தவர்கள், சட்டம் வந்தபோதே தெரிவித்திருக்க வேண்டும். தவறியவர்களுக்கு 2003-ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து 180 நாள் அவகாசம் தரப்பட்டது. வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இவ்விதப் பொருள் ஒருவர் கைவசம் இருப்பது நிரூபணமானால், அது முறைகேடாக வந்தது என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படியன்று என்று காட்டும் பொறுப்பு உடையவருடையது. ஐயா காலத்தில் ரங்கூனிலிருந்து வந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, காகிதம் வேண்டும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும் மரப்பெட்டிகளின் அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவர் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொடுப்பது உத்தமம்.

இனி, செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். சட்டம் சோதிக்க அனுமதிப்பது சந்தேகத்துக்கு உள்ளானவரின் அனுபோகத்தில் இருக்கும் இடத்தை. ஆனால் உள்முற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறையும் தனிப் பூட்டுமாக, பங்காளிகள் எட்டுப் பத்துப் பேருக்குப் பாத்தியப்பட்ட வீட்டில், ஒருவர்மேல் மட்டும் புகார் வந்தால் எந்தப் பூட்டைத் திறப்பது? என் அபிப்பிராயத்தில், அவருடைய அறையும் பொதுவான முகப்பும் வளவும் பட்டாலையும் சோதனைக்கு உட்பட்டவை. மற்றப் பங்காளியின் அறையைத் திறக்க வேண்டுமானால் அவர் விஷயத்தில் தனியாக ஒரு காரணம் அதிகாரியிடம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணம் நியாயமானதா என்று வாசலில் நிற்கும்போது தீர்மானிப்பவர் அதிகாரியேயன்றி வேறெவரும் இல்லை என்பதுதான் இவ்வதிகாரத்தின் மர்மஸ்தானம். மற்ற நாடுகளிலும் இந்தத் தகராறு உண்டு. அமெரிக்காவில், வீட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டிய திறந்த வெளி அரசியல் சாசனப் பாதுகாப்புக்குள் வராது என்று 1924-இலும் மறுபடி 1984-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஆதாரமாகக் கொண்டு, வேட்டைக் காவலர்கள் தனியார் தோட்டங்களில் கேட்காமல் நுழைந்தார்கள். டென்னசி மாநிலத்தில் காமிராவும் பொருத்தினார்கள். அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல், வாரண்ட் இல்லாமல் அப்படிச் செய்தது தங்கள் மாநிலச் சாசனத்துக்கு விரோதம் என்றது. நம் நாட்டில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கூறியிருக்கிறார்கள். ஆயினும், சோதனை சட்டப்படி நடக்காவிட்டாலும் அதில் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லும் என்று 1973-இல் பூரண்மல் வழக்கில் கூறப்பட்டது இன்றும் எடுத்தாளப்படுகிறது. அதாவது, அதிகாரி தப்பாக நுழைந்தார் என்பதால் பெட்டகத்தில் இருந்த தந்தம் இல்லாமற்போய்விடாது.

ஆகவே குடிமகனின் பாதுகாப்பு வாசற்படியில் இல்லை; சோதனைக்குப் பின் எழுதப்படும் மகஜரில் இருக்கிறது. அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ கூடவே நிற்கலாம். எடுத்த பொருளின் பட்டியலில் ஒரு பிரதி அவருக்குத் தர வேண்டும் என்பவை பொதுக் குற்றவியல் நடைமுறையின் நெடுநாள் விதிகள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டமோ சோதனையைக் கைபேசியிலேனும் படம்பிடித்துத் தாமதமின்றி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. மகஜரில் நேரம் எழுதப்பட்டிருக்கிறதா, எந்த அறையில், எந்தப் பெட்டியில் எடுத்தது என்று இருக்கிறதா, வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்களா என்பவற்றைக் கவனிக்கும் காவற்காரர், வாசலில் நின்று வாரண்ட் கேட்பவரைவிட எஜமானருக்கு அதிகம் உதவி செய்தவராவார். பிடிபட்டவரையும் பொருளையும் உடனே மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்று 50-ஆவது பிரிவே சொல்கிறது.

இக்காகிதங்கள் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் வாச்சாத்தியை நினைக்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லித் தர்மபுரி மாவட்டத்து அம்மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறையாரும் போலீஸாரும் வருவாய்த் துறையாரும் புகுந்தார்கள். வீடுகள் நாசமாயின, ஊரார் அடிபட்டுச் சிறைப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தேடப் போனவர்களின் காரியத்துக்கு உயர் நீதிமன்றத்தின் விடை கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின.

வன உயிரினச் சட்டத்திலும் அதிகாரியைக் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்று, 53-ஆவது, இருக்கத்தான் செய்கிறது: தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு அநாவசியமாகப் பிறர் சொத்தைக் கைப்பற்றுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேட்டையாடுபவருக்கான அபராதத்தின் உச்சவரம்பை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. அதிகாரிக்கான அபராதத்தின் உச்சவரம்பு, 1972-இல் எழுதியபடியே, 500 ரூபாய்.