குளிரும் அதிர்வும்

நுண்ணிய அளவீட்டில் ஈடுபடும் ஆய்வாளர் இருவகை அமைதியை வேண்டி நிற்கின்றனர். ஒன்று வெப்ப அமைதி, மற்றையது அசைவின்மை. அணுக்களின் வெப்ப அசைவு அளவீட்டிற் கலவாதிருக்கக் கருவியைக் குளிரூட்டல் வேண்டும். ஆனால், குளிரைத் தரும் பொறியோ தானே அதிர்கின்றது. இம்முரண்பாடு எவ்வாறு தீர்க்கப்படுகின்றது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதற்கண் அதன் அளவை அறிதல் நன்று. பின்னிக், றோறர் ஆகியோர் 1981ஆம் ஆண்டில் சூரிச் நகரருகே இயங்கச் செய்த சுரங்க மின்னோட்ட நுணுக்குக்காட்டி, அணுக்களைத் தனித்தனியே காட்ட வல்லது. அதற்கு ஊசிமுனைக்கும் மாதிரிக்கும் இடையிலான தூரம் 0.01 நனோமீற்றர் அளவுக்கு நிலையாயிருத்தல் வேண்டும். இன்று பெரிதும் பயன்படும் துடிப்புக் குழாய்க் குளிரூட்டியின் குளிர்முனையில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. எனினும், உள்ளிருக்கும் ஈலியத்தின் அமுக்கம் செக்கனுக்கு ஓரிரு முறை ஏறியிறங்குவதால் அக்குழாய் 10 மைக்கிரோமீற்றர் அளவில் நீண்டு சுருங்கலாம். இது முன்னைய அளவின் பத்து இலட்சம் மடங்காகும்.

அதிர்வைத் தடுப்பதற்குப் பொறியின் கீழ் இறப்பர் வைத்தாற் போதும் என்பது பலரது எண்ணம். இதனைச் சிறிது ஆராய்வோம். தாங்கியின் மேல் நிற்கும் ஒவ்வொரு பொறிக்கும் ஓர் இயல் மீடிறன் உண்டு. அதிர்வின் மீடிறன் இதனிலும் 1.41 மடங்குக்கு மேற்பட்டாலன்றித் தாங்கி எதனையும் தடுப்பதில்லை. நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் பொறியின் மீடிறன் 25 ஏட்சு. அதன் பாரத்தால் அரை மில்லிமீற்றர் மட்டுமே அமிழும் இறப்பர்த் தாங்கியின் இயல் மீடிறன் ஏறத்தாழ 22 ஏட்சு. இரண்டும் நெருங்கி நிற்பதால் பரிவு தோன்றுகின்றது. தணிப்பு மிகச் சிறிதாயின் நிலத்துக்குச் செல்லும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகுகின்றது. மாறாக, 25 மில்லிமீற்றர் அமிழும் சுருளிவில்லின் இயல் மீடிறன் 3 ஏட்சு அளவினதே. அங்கு அவ்விசை அறுபதில் ஒரு பங்காகக் குறைகின்றது. எனவே, தவறாகத் தெரிந்த தாங்கி பயனற்றது மட்டுமன்றித் தீங்கும் பயப்பதாகும்.

சரியான வில்லைப் பொருத்திய பின்னரும் இடர் முற்றாக நீங்குவதில்லை. பொறியிலிருந்து கருவிக்குச் செல்லும் விறைப்பான குழாய் ஒன்றே வில்லினாற் பெற்ற பயன் முழுவதையும் வீணாக்கிவிடும். குளிர் செல்லும் பாதையே அதிர்வு செல்லும் பாதையுமாதலே இச்சிக்கலின் மூலம். பாதையை வெட்டினால் அதிர்வு நிற்கும். குளிரும் உடன் நிற்கும்.

இதற்கு இருவேறு விடைகளை எடுத்துக்காட்டலாம். 2021ஆம் ஆண்டு டிசெம்பர் 25இல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியில் நடுச் செந்நிறக்கீழ்க் கதிர்களைக் காணும் கருவி 7 கெல்வினுக்குக் கீழ் இருத்தல் அவசியம். அதன் அமுக்கியில் இரு ஆடுதண்டுகள் எதிரெதிர்த் திசைகளில் இயங்கி, ஒன்றன் உதைப்பை மற்றையது ஈடுசெய்கின்றன. அன்றியும், அமுக்கி கருவியின் அருகில் வைக்கப்படவில்லை. ஏறத்தாழ 10 மீற்றர் நீளமான குழாய்வழி ஈலியமே குளிரைச் சுமந்து செல்கின்றது.

யப்பானில் காமியோக்கா மலையடியில் அமைந்த காக்ரா ஈர்ப்பலை உணரி 2020ஆம் ஆண்டில் அவதானத்தைத் தொடங்கியது. 3 கிலோமீற்றர் நீளமான கைகளையுடைய இவ்வுணரியின் நீலக்கல் ஆடிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 23 கிலோகிராம் திணிவுடையவை. அவற்றை 20 கெல்வின் அளவுக்குக் குளிரூட்டும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. தொங்கும் ஆடிக்கு வெப்பப்பாதை எவ்வாறு அமைப்பது? 99.9999 சதவீதத் தூய்மையுடைய அலுமினியத்தின் மெல்லிய இழைகளைத் திரித்த கயிறுகளே அங்கு பயன்படுகின்றன. தாழ் வெப்பநிலையில் இத்தூய அலுமினியம் வெப்பத்தை மிக நன்கு கடத்தும். மேலும், ஒரு கோலை அதே மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்புடைய நூறு இழைகளாகப் பிரித்தால், வெப்பம் செல்லும் பரப்புக் குறையாது. வளைவிறைப்போ நூறில் ஒரு பங்காகும். குளிருக்கு வழிவிட்டு அதிர்வுக்கு வழியடைக்கும் உபாயம் இதுவே.

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து ஓர் ஒழுங்கு புலனாகின்றது. முதலில் பொறியின் உதைப்பை அது பிறக்குமிடத்திலேயே சமன்செய்தல் வேண்டும். அடுத்து பொறியைத் தொலைவில் நிறுத்திப் பாதையை நெகிழ்வாக்குதல் வேண்டும். கருவியைத் தனியே தாங்குதல் இறுதியிலேயே வரும். நம்மிடையே ஆய்வுகூடம் அமைப்போர் பெரும்பாலும் இவ்வொழுங்கைத் தலைகீழாகக் கைக்கொள்கின்றனர். விலைமிக்க கருவியை வாங்கி, அதன் சுவருக்கு அப்பால் குளிரூட்டும் பொறியைப் பொருத்தி, பின்னர் அதிர்வுதாங்கும் மேசையைத் தேடுகின்றனர். கட்டடத்தின் வரைபடத்திலேயே பொறியின் இடத்தைத் தீர்மானிப்பதற்குச் செலவு மிகச் சிறிது. அதனைத் தவறவிட்டால், எத்துணைச் சிறந்த கருவியும் அயலிலுள்ள பொறியின் துடிப்பையே அளந்துகொண்டிருக்கும்.