உங்களுக்குத் தெரியுமா? பிக்அப் டயர் பேசும் எண்கள்

கெலுகோரில் பினாங்குப் பாலம் ஏறும் ஹைலக்ஸ் பிக்அப்புக்கு முன்னால் 13.5 கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலை. அதே வண்டி பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்து மேட்டில் மழை நாளில் ஏறினால் வழுக்கும் சேறு. இந்த இரண்டுக்கும் பொதுவாக வந்ததுதான் ‘ஆல் டெரெய்ன்’ டயர்.

வாங்குமுன் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். ‘265/65 ஆர்17 112எஸ்’ என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். 112 என்பது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. ‘எஸ்’ மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. டுரியான் கூடைகளை அடுக்கி ஏற்றுகிறவர்கள் இந்த 112ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும், பூ வடிவத்தை அல்ல. நான்கு இலக்கமாக ‘3524’ என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது.

மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் பனிப்பொழிவுச் சாலைக்கானது. பினாங்கில் அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். இங்கே கேட்க வேண்டியது ஈரத்தார்ப் பிடிப்பு. பூக்கட்டைகளில் மெல்லிய கீற்றுகள் நிறைய இருந்தால் மழையில் பிடிக்கும். கட்டைகள் பெரிதாக, இடைவெளி அகலமாக இருந்தால் சேறு உதிரும், ஆனால் பாலத்தில் இரைச்சல் கூடும்.

கல் கீறலைத் தாங்குவதிலும் அதிகம் சூடேறாமல் இருப்பதிலும் இயற்கை ரப்பருக்கு இன்றும் தனி இடம். நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் பால்மரம் வெட்டி எடுத்த அதே ரப்பர்!

நான்கு டயரும் ஒரே அளவில் இருக்கட்டும். அளவு மாறினால், நான்கு சக்கர இயக்கத்தைப் போடும்போது கியர் பாகங்கள் தேயும்.