நம்ம மலையிலும் இருக்கு ஊசியிலை மரம்: ஜோடி இல்லாவிட்டால் விதை இல்லை!

நாகர்கோவில்:

கிறிஸ்துமஸ் வந்தால் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் சவுக்குக் கிளையை நட்டு ஜோடிப்பார்கள். ஆனால் சவுக்கு, ஊசியிலை மர இனமே அல்ல. பார்க்கத்தான் அப்படி இருக்கும். தொட்டியில் விற்கும் ‘கிறிஸ்துமஸ் மரம்’ பசிபிக் தீவுகளில் இருந்து வந்தது. கொடைக்கானல் பைன் காடு வெள்ளைக்காரர் காலத்தில் நட்டது. அப்படியானால் நம்ம மண்ணுக்கே சொந்தமான ஊசியிலை மரம் எது?

ஊசி இல்லாத ஊசியிலை

அதன் பெயர் நிரம்பாலி. தாவரவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இன மரம் இது ஒண்ணுதான். அகஸ்தியமலைத் தொடரில் மழை கொட்டும் பசுமைமாறாக் காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது.

இனம்தான் ஊசியிலை, இலையோ அகலம். இலையைத் திருப்பிப் பார்த்தால் நடு நரம்பு இருக்காது. அடியில் இருந்து நுனிவரை நிறைய நரம்புகள் வரிவரியாக ஓடும். இதை வைத்தே மரத்தை அடையாளம் கண்டுவிடலாம்.

ஆண் வேறு, பெண் வேறு

இந்த மரத்தில் பூ பூக்காது. பனையைப் போல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரத்தின் மகரந்தம் காற்றில் பறந்து போய்ப் பெண் மரத்தில் சேர்ந்தால்தான் விதை பிடிக்கும். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஆண் மரத்தை வெட்டிவிட்டால், பெண் மரம் எத்தனை வருஷம் நின்றும் புண்ணியமில்லை.

கோலிக்குண்டு அளவுள்ள விதை, சதைப்பற்றான காம்பின் நுனியில் இருக்கும். கொல்லாம்பழத்தில் கொட்டை வெளியே நிற்குமே, கிட்டத்தட்ட அது மாதிரி. அந்தச் சதைதான் பறவைகளுக்குத் தீனி. தின்னும் பறவை விதையைத் தூரத்தில் போடும். அங்கே புதுக் கன்று முளைக்கும். இருவாச்சி, மலைப்புறா, கருமந்தி, சிங்கவால் குரங்கு எல்லாம் வாழ்வது இப்படிப்பட்ட உயர்ந்த மரங்கள் நிறைந்த காட்டில்தான்.

வீட்டில் வளர்க்கலாமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் வெயிலுக்கு இது ஒத்துவராது. குளிர்ச்சி, ஈரம், இலைமக்கு மண் வேண்டும். விதையைக் காயவிடாமல் உடனே போட வேண்டும். கன்றுக்கு நிழல் அவசியம். வளர்ச்சியும் ரொம்ப மெதுவு. சரணாலயக் காட்டில் அனுமதி இல்லாமல் விதையோ கன்றோ எடுப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் மரம் வைக்க ஆசைப்படுபவர்கள் நாவல், அத்தி வைக்கலாம். பறவைகள் தேடி வரும்.

வயலுக்கும் சம்பந்தம் உண்டு

அகஸ்தியமலை 2001-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. இந்த மலைக்காடுகள் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவதால்தான் கோதையாற்றில் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர்தான் 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்கு வந்து, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது.

ரப்பரும் தேயிலையும் வந்தபோது மலையில் அழிந்த காடு கொஞ்சமல்ல. ரப்பரை மறுபடி நடலாம். சில வருஷத்தில் பால் வெட்டலாம். நிரம்பாலி அப்படி இல்லை. ஒரு மரம் போனால், அந்த இடத்தில் இன்னொன்று நிமிர நம்ம பேரன் காலம் ஆகும். மிச்சம் நிற்பதை வெட்டாமல் விடுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய உதவி.