பதினாறு முறை வீழ்ந்தவர்

ஒரு கலையைப் பல்லாண்டு முயன்று கற்று, அதில் வல்லவர் என்று பெயரும் பெற்ற ஒருவர், வேறொரு களத்தில் அடியெடுத்து வைத்த அளவில் மீண்டும் மாணவராகிவிட நேர்வதுண்டு. தாம் அறிந்தது அங்கே செல்லாது என்பதைப் பலர் முன்னிலையில் உணர்வது எவர்க்கும் எளிதன்று. அந்நிலையில் சிலர் வந்த வழியே திரும்பிவிடுவர். சிலர் களத்தின் மீது குறை கூறுவர். மிகச் சிலரே முதல் பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்குவர். அத்தகைய மிகச் சிலருள் ஒருவர் ஜப்பான் நாட்டு வீரர் தடாஷி சவாமுரா. கராத்தேயில் வளர்ந்து, கிக்பாக்ஸிங் என்னும் புதிய விளையாட்டின் முதற் பெருவீரராக விளங்கிய அவருடைய வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அவருடைய இயற்பெயர் ஹிடெக்கி ஷிராஹா. 1943-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அந்நாளில் ஜப்பானியர் ஆதிக்கத்தில் இருந்த மஞ்சூரியாவில் பிறந்தார். போரில் ஜப்பான் தோல்வியுற்ற பின்னர், அங்குக் குடியேறியிருந்த ஜப்பானியர் பெருந்தொகையினராய்த் தாய்நாடு திரும்பினர். அங்ஙனம் திரும்பிய தலைமுறையில் வளர்ந்த அவர், நிஹோன் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாளில் கராத்தேப் போட்டிகளில் வாகை சூடி, மாணவ வீரருள் முன்னணியில் நின்றார்.

அவர் கற்ற கராத்தே எத்தகையது என்பதை அறிந்தால்தான் பின்னர் அவருக்கு நேர்ந்தது விளங்கும். கராத்தே என்னும் சொல்லுக்கு ‘வெறுங்கை’ என்பது பொருள். ஒக்கினாவாத் தீவில் வளர்ந்த இக்கலையை, 1922-இல் கிச்சின் ஃபுனகோஷி என்னும் ஆசிரியர் டோக்கியோ நகருக்குக் கொணர்ந்து, கல்லூரி மாணவரிடையே பரப்பினார். அடி, குத்து, உதை, தடுப்பு ஆகியவற்றை ஒழுங்குபட அமைத்த வரிசைகளைப் பன்முறை பயின்று உடலைப் பக்குவப்படுத்துதலே அவர் போற்றிய முறை. இருவர் எதிர்நின்று மோதும் போட்டிகள் பின்னரே பெருகின. அப்போட்டிகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முழு வேகத்துடன் விடுத்த குத்தை, எதிராளியின் உடலை அடைவதற்கு ஒரு ‘ஸுன்’ முன்னதாக நிறுத்திவிடல் வேண்டும். ஸுன் என்பது ஏறத்தாழ மூன்று செண்டிமீட்டர் அளவுள்ள ஜப்பானியப் பழைய அளவை. ‘இக்குத்து நிறுத்தப்படாதிருந்தால் எதிராளி வீழ்ந்திருப்பார்’ என்று நடுவர் கருதினால் வெற்றி கிட்டும்.

இம்முறையில் பெருநன்மை உண்டு. கைகால்களைக் கொடிய படைக்கலமாகப் பழக்கிய இளைஞர் ஒருவரையொருவர் ஊனப்படுத்தாமல் பயில்வதற்கு இதுவே வழி. பார்வைக் கூர்மையும், தொலைவை அளந்தறியும் திறமும், உடலை அடக்கும் ஆற்றலும் இதனால் வளரும். ஆனால் ஒன்று மட்டும் வாராது. தன்மேல் விழும் அடியைத் தாங்கிக்கொண்டு, கலங்கிய கண்ணோடும் தளர்ந்த காலோடும் மேலும் பொருதல் எப்படி என்பதை இம்முறை கற்பிப்பதில்லை. நீரில் இறங்காமல் நீச்சலின் பாதியை அறியலாம்; மறுபாதி நீருக்குள்தான் இருக்கிறது.

அந்த மறுபாதியைத் தம் தேசிய விளையாட்டாகவே கொண்டிருந்தது தாய்லாந்து. அந்நாட்டு முவாய் தாய் சண்டையில் இரு கைமுட்டி, இரு முழங்கை, இரு முழங்கால், இரு கால் என எட்டு உறுப்புகளும் படைக்கலங்கள். கையுறை அணிந்து கயிற்று மேடையில் நின்று, மூன்று மணித்துளி வீதம் ஐந்து சுற்றுகள் பொருவர். அடி இடையில் நிறுத்தப்படுவதில்லை. சிற்றூர்த் திருவிழாக்களில் இளமையிலேயே களம் காணத் தொடங்கும் வீரர்கள், பாங்காக் நகரத்து ராஜதம்னன், லும்பினி ஆகிய பேரரங்குகளை இலக்காகக் கொண்டு வளர்கின்றனர்.

இவ்விரு கலைகளுள் எது மேம்பட்டது என்னும் வினா 1960-களில் ஜப்பானியர் உள்ளத்தில் எழுந்தது. 1964 பிப்ரவரியில் கராத்தே வீரர் மூவர் பாங்காக் சென்று, லும்பினி அரங்கில் தாய்லாந்து வீரருடன் பொருதனர். இருவர் வென்றனர், மூன்றாமவரான கென்ஜி குரோசாகி தோற்றார். இச்செய்திகளையெல்லாம் உன்னிப்பாகக் கவனித்து வந்தவர் ஒசாமு நொகுச்சி என்னும் குத்துச்சண்டைப் போட்டி அமைப்பாளர். தாய்லாந்து முறையைத் தழுவி, ஜப்பானியர் விரும்பிக் காணத்தக்க புது விளையாட்டு ஒன்றை அவர் வகுத்தார். அதற்குக் ‘கிக்பாக்ஸிங்’ என்ற ஆங்கிலப் பெயரையும் அவரே சூட்டினார். உதையும் குத்தும் கூடியது என்பது அப்பெயரின் பொருள். பெயர் கிடைத்துவிட்டது, பெயருக்கு ஏற்ற வீரர் ஒருவர் வேண்டும். கராத்தே மாணவர் ஷிராஹா அவர் கண்ணிற் பட்டார். சவாமுரா என்னும் களப்பெயர் அப்போது உண்டாயிற்று.

1966 ஏப்ரல் 11 அன்று ஒசாகா நகரில் சவாமுரா முதன்முறையாக மேடையேறி, தாய்லாந்து வீரர் ஒருவரை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தினார். கராத்தேயின் பெருமை நிலைநாட்டப்பட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி ஜூன் மாதம் வரையே நீடித்தது.

ஜூன் மாதத்தில் டோக்கியோவில் அவரை எதிர்த்து நின்றவர் சமான் சோர் அடிசோன் என்னும் தாய்லாந்து வீரர். அன்று சவாமுரா வீழ்ந்தார். நடுவர் எண்ணத் தொடங்கினார், எழுந்தார், மீண்டும் வீழ்ந்தார். வீழ்வதும் எழுவதுமாகவே நான்காம் சுற்று வரை அப்போட்டி சென்றது. அதற்குள் அவர் தரையில் விழுந்தது பதினாறு முறை. இறுதியில் நாக்-அவுட் முறையில் தோல்வி முடிவாயிற்று.

இத்தோல்விக்குக் காரணம் துணிவின்மை அன்று என்பதை அந்தப் பதினாறு என்ற எண்ணே சொல்லும். கற்ற கலையின் அமைப்பிலேயே காரணம் இருந்தது. கராத்தேயில் கால்களை அகல விரித்துத் தாழ நிற்பது வழக்கம். அந்நிலையில் முன்காலின் மேல் உடற்பாரம் தங்கும். அக்கால் விரைந்து விலகாது. தாய்லாந்து வீரரோ, முன்காலின் தொடையையே குறிவைத்துத் தம் கணைக்கால் எலும்பால் மரம் வெட்டுவதுபோல் உதைப்பர். சில உதைகளிலேயே கால் மரத்துப்போகும். கராத்தேயில் ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்பருகே பின்வாங்கும். முகம் காவலின்றி நிற்கும். கராத்தேப் போட்டியில் ஓர் அடி சரியாக அமைந்தவுடன் நடுவர் இருவரையும் பிரித்துவிடுவார்; முவாய் தாயிலோ ஓர் அடிக்குப்பின் அடுத்த அடி வரும். நெருங்கிவிட்டால் கழுத்தை இரு கைகளாலும் வளைத்துப் பற்றி, முழங்காலால் விலாவைத் தாக்குவர். அப்பிடியிலிருந்து விடுபடும் வழியை அந்நாளைய கராத்தே மாணவர் பெரும்பாலும் பயின்றதில்லை.

வேறொருவராயின் அத்துடன் களத்தை விட்டு விலகியிருக்கக் கூடும். கராத்தேயில் ஈட்டிய புகழ் கைவசம் இருந்தது. அதைக்கொண்டு ஆசிரியராக அமைதியாய் வாழ்ந்திருக்கலாம். சவாமுராவோ தம்மை வீழ்த்திய முறையையே கற்கத் துணிந்தார். அஃதாவது, நிமிர்ந்து நிற்கவும், கைகளை முகத்தருகே உயர்த்திக் காக்கவும், வரும் உதையைத் தம் கணைக்காலால் ஏற்கவும், கழுத்துப் பிடியில் நிலைகுலையாதிருக்கவும் புதிதாகப் பழகுதல். பல்லாண்டுப் பயிற்சியால் உடலில் ஊறிய வழக்கத்தை மாற்றுவது, புதிதாகக் கற்பதனினும் கடினம் என்பதை எக்கலையைப் பயின்றவரும் அறிவர்.

ஆயினும் அவர் பழையதை முற்றிலும் எறிந்துவிடவில்லை. இதுவே நாம் கருதிப் பார்க்கத்தக்க இடம். எதிராளியின் தொலைவைக் கண்ணால் அளப்பதும், தக்க கணத்தில் ஒரே பாய்ச்சலில் அத்தொலைவைக் கடப்பதும் கராத்தே தந்த செல்வம். முழங்காலால் தாக்குவது தாய்லாந்து தந்த பாடம். இரண்டும் இணைந்தபோது, அவருக்கே உரியதாக ஒரு தாக்குதல் உருவாயிற்று. எதிராளி சற்றே தளரும் நேரம் பார்த்து, தரையிலிருந்து தாவியெழுந்து, காற்றில் நின்றவாறே முழங்காலால் தாக்குவார். ‘வெற்றிடத்தில் பறக்கும் முழங்கால்’ என்னும் பொருள்பட ஜப்பானியர் அதற்குப் பெயரிட்டனர். அதைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டனர்.

1968 முதல் டி.பி.எஸ். தொலைக்காட்சி நிலையம் கிக்பாக்ஸிங் போட்டிகளை முன்மாலை வேளையில் ஒளிபரப்பியது. குடும்பத்தார் அனைவரும் உணவருந்திக் கொண்டிருக்கும் நேரத்தில் சவாமுரா வீட்டுக்குள் வந்தார் எனலாம். அவருடைய வாழ்க்கையைத் தழுவி ‘உதையின் அரக்கன்’ என்னும் பொருளுடைய படக்கதை வெளிவந்தது. 1970-இல் அது தொலைக்காட்சியில் ஓவியத் தொடராகவும் வந்தது. சிறுவர்கள் தெருக்களில் அவர்போல் தாவிக் குதித்து விளையாடினர். 1973-ஆம் ஆண்டின் தலைசிறந்த தொழில்முறை விளையாட்டு வீரருக்கான ஜப்பானிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டில் பேஸ்பால் வீரர் சடஹாரு ஓ, பந்தடிப்போருக்குரிய மூன்று முதன்மைச் சிறப்புகளையும் ஒருங்கே பெற்றிருந்தார் என்பதை நினைத்தால், அவ்விருதின் மதிப்பு விளங்கும். பேஸ்பாலைத் தம் உயிர்போல் நேசிக்கும் நாடு, ஏழாண்டுக்கு முன் பிறந்த விளையாட்டின் வீரருக்கு அப்பெருமையை அளித்தது.

அவர் களத்தில் இருந்த பத்தாண்டுகளில் 241 போட்டிகள், 232 வெற்றிகள், அவற்றுள் 228 நாக்-அவுட் வெற்றிகள், ஐந்து தோல்விகள், நான்கு சமன் என்று கணக்குச் சொல்வர். மாதத்திற்கு இருமுறை மேடையேறிய கணக்கு இது. இவ்வெண்களைக் கண்டு வியந்தோர் உளர், ஐயுற்றோரும் உளர். தொலைக்காட்சியின் வாரந்தோறும் தீராப் பசிக்காக அமைந்த போட்டிகளில், எதிர்நின்றவர் அனைவரும் ஒரே தகுதியினர் அல்லர் என்றும், அவற்றுள் சில காட்சிப் போட்டிகளே என்றும் பின்னாளில் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் வெற்றிகளின் எண்ணிக்கையைப் பற்றி எவர் எதைக் கூறினும், அந்தப் பதினாறு வீழ்ச்சிகளைப் பற்றி ஐயம் இல்லை. அவரை அளக்க வேண்டுமாயின், 228-ஐவிடப் பதினாறே நம்பத்தக்க அளவுகோல் என்பது நம் கருத்து.

1976-இல் அவர் போரிடுவதை நிறுத்தினார். மறு ஆண்டில் அவர் ஓய்வு பெற்ற செய்தி முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதன்பின் நடந்தது பலரும் எதிர்பாராதது. திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ தம் புகழை விலையாக்கிக் கொள்ளாமல், பொதுவாழ்வினின்றும் விலகி, மோட்டார் வண்டிகளைச் செப்பனிடும் தொழிலில் அவர் ஈடுபட்டார். நாடறிந்த ஒருவர் திடீரென்று கண்ணில் படாமற் போனமையால் வதந்திகள் கிளம்பின. தலையில் பட்ட அடிகளால் மூளை கலங்கிவிட்டது என்றனர். இறந்தே போனார் என்றும் கூறினர். அவரோ மறுமொழி சொல்லாமல் தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தார். 2021 மார்ச் 26 அன்று, எழுபத்தெட்டாம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

அவர் திறந்துவிட்ட வழி மூடப்படவில்லை. 1964-இல் லும்பினியில் தோற்ற குரோசாகி, 1969-இல் டோக்கியோவில் மெஜிரோ பயிற்சிக்கூடத்தை நிறுவினார். அங்குப் பயின்ற தோஷியோ ஃபுஜிவாரா, 1978-இல் ராஜதம்னன் அரங்கின் வாகையர் பட்டத்தைப் பெற்றார். தாய்லாந்தைச் சாராத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஜப்பான் சென்று அக்கூடத்தில் கற்றுத் திரும்பிய டச்சுக்காரர் யான் பிளாஸ், ஆம்ஸ்டர்டாம் நகரில் அதே பெயரில் ஒரு கூடம் அமைக்க, அக்கலை ஐரோப்பாவிலும் வேர்கொண்டது. 1993-இல் கஸுயோஷி இஷி என்னும் கராத்தே ஆசிரியர் தொடங்கிய கே-1 போட்டிகள், பல நாட்டு வீரரையும் ஒரே மேடையில் ஏற்றின. இவை அனைத்திலும் கராத்தேயும் தாய்லாந்துச் சண்டையும் கலந்தே ஓடுகின்றன.

சவாமுராவின் வாழ்வில் இருமுறை புதுத் தொடக்கம் நேர்ந்தது. முதன்முறை, வாகை சூடிய மாணவர் தோல்விக்குப் பின் மீண்டும் முதற்பாடம் கற்றார். இரண்டாம் முறை, நாடு போற்றிய வீரர் பணிமனையில் ஒரு தொழிலாளியாக அமைந்தார். ஓரிடத்தில் கற்றதைக் கொண்டு வேற்றிடத்தில் வாழ வந்த நமக்கு இவ்விரண்டும் பொருளற்றவை அல்ல. ஊரில் செல்லுபடியான திறமை புது நகரில் அப்படியே எடுபடுவதில்லை. மொழியும் வழக்கமும் வேறாகிய இடத்தில், அறிந்தவர் என்ற பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாம் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. அப்போது கொண்டுவந்ததை எறிந்துவிடவும் வேண்டா. அதையே பற்றிக்கொண்டு புதியதை மறுக்கவும் வேண்டா. தொலைவை அளக்கும் கண் பழைய ஊரினது. தாங்கி நிற்கும் கால் புதிய ஊரினது. இரண்டும் சேரும் வரை சில முறை வீழ்வது இயல்பே.